தாத்தாவை நிரூபித்தல்: புதுச்சேரியில் பெயர், காகிதம், குடியுரிமை

1

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை கோரி மனுப்போடுகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது அவரைப் பற்றியல்ல, அவருடைய தாத்தாவைப் பற்றி. தாத்தா எங்கே பிறந்தார்? 1962 ஆகஸ்ட் 16 அன்று எந்த ஊரில் குடியிருந்தார்? அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் ஏதேனும் எழுதிக் கையெழுத்துப் போட்டாரா? 'எங்க தாத்தா சொல்தாவா இருந்தாரு, சைகோன்ல இருந்தாரு, சாகிற வரைக்கும் பென்ஷன் வாங்கினாரு' என்று குடும்பம் சொல்லும். அரசுக்கு இது கதை. காகிதத்தில் இருப்பது மட்டுமே அதற்கு வரலாறு.

'நேஷனாலிட்டிக்காரர்' பற்றி இங்கே இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று பொறாமைப் பேச்சு: கொடுத்துவைத்தவன், கலியாணச் சந்தையில் விலை போகிறவன். மற்றொன்று தேசியப் பேச்சு: வெள்ளைக்காரன் போனபிறகும் அவன் வாலைப் பிடித்துக்கொண்டிருப்பவன். இந்த இரண்டு சொல்லாடல்களும் ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கின்றன. மூதாதையர் என்பது எப்போது, யாருக்காக, அரசின் விவகாரமாகிறது? நான் இங்கே பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

2

1873 இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். தமிழன் அப்படிப் போகக்கூடாது என்று தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். 1881 செப்டம்பர் 21 ஆம் தேதி ஆணை வந்தபோது அதைப் பயன்படுத்தியவர்களில் முன்னோடியும் அவரே. இந்த ஆணையின்படி ஓர் இந்தியர் தன் 'சொந்த நிலை'யை, அதாவது சாதி மத வழக்கங்களால் ஆளப்படும் உரிமையை, துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். துறவு ஒருமுறை செய்தால் மீள முடியாது. மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அது சேர்த்தே கட்டும். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த். கதவு என்று பொருள்.

'ரெனோன்சான்' என்று அழைக்கப்பட்ட இவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கணிசம். பிள்ளை, முதலி, செட்டி என்கிற ஒட்டு இல்லாத, சாதியைச் சொல்லாத ஒரு பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. உயர்சாதி இந்துக்களின் தலைவராயிருந்த சண்முக வேலாயுத முதலியார் இதைக் கடுமையாக எதிர்த்ததில் வியப்பில்லை. 1884 இல் வாக்காளர் பட்டியல் மூன்றாக வகுக்கப்பட்டது: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். 1899 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. துறந்தவர்கள் கொச்சின்சீனாவுக்குக் கப்பலேறி, அங்கே அரசு வேலைகளில் ஐரோப்பியர்க்கு இணையான இடத்தைக் கேட்டார்கள்.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 1881 இல் பெயர் மாற்றியவர் வெட்டிக்கொண்டது தன் வம்சாவளியைத்தான். தாத்தா யார் என்று கேட்கிற சமூகத்திடம் 'இனிமே அதைக் கேக்காதே' என்று சொல்ல ஒரு சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. அந்தக் குடும்பத்தின் இன்றைய பிள்ளையிடம் பிரெஞ்சு அரசு கேட்பதோ 'உன் தாத்தா யார்?' என்பதைத்தான். மூதாதையரைத் துறந்த காகிதம் மூதாதையரை நிரூபிக்கும் காகிதமாகிவிட்டது.

3

ஆனால் அந்தக் காகிதமும் தனியாக நின்று பேசாது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1881 இன் துறவு வேறு, 1962 இன் தேர்வு வேறு.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28 இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் புதுச்சேரிக்காரர் இந்திய நிர்வாகத்தில் வாழ்கிற பிரெஞ்சுக் குடிமகன்.

ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவுப்படி, பிராந்தியத்தில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். யாரும் எதுவும் எழுதித்தர வேண்டியதில்லை. ஐந்தாவது பிரிவு ஒரு விலக்கைத் தந்தது. பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 1963 பிப்ரவரியில் கதவு சாத்தப்பட்டது. அதற்குள் அறிவித்தவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். தாத்தா ரெனோன்சானாக இருந்தாலும், இந்த அறிவிப்பைச் செய்யவில்லை என்றால் அவர் இந்தியர். பேரனின் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடுகிறது.

தகப்பனின் அறிவிப்பு மணமாகாத, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கட்டும். தகப்பன் இல்லை என்றால்தான் தாயின் அறிவிப்பு செல்லும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அண்ணன் 1940 இல் பிறந்தவர், தம்பி 1950 இல். தகப்பன் கையெழுத்துப் போட்டார். தம்பி பிரெஞ்சுக்காரர். அண்ணன் தானே போய் எழுதித்தராததால் இந்தியர். ஒரே திண்ணை, ஒரே சோறு, இரண்டு தேசம். பாகம் பிரிக்கும்போது வராத பிரிவு பேரப்பிள்ளைகள் காலத்தில் வருகிறது.

இதைவிட விசித்திரமானது பிறந்த இடம். ஒப்பந்தம் பேசியது பிராந்தியத்துக்குள் பிறந்தவர்களைப் பற்றி. வெளியே பிறந்த பிரெஞ்சுப் பிரஜைகள் எந்த அறிவிப்பும் செய்யாமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார்கள். சைகோனில் பிறந்தவர் அப்படி. நெல்லிக்குப்பத்தில் பிறந்தவரும் அப்படியே. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். புதுச்சேரியின் எல்லையோ வயல்வெளிக்குள் வளைந்து வளைந்து போகிறது. இந்தக் கொல்லை பிரெஞ்சு, அடுத்த கொல்லை தென்னாற்காடு. மருமகளின் தாய்வீடு எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பது ஒரு பரம்பரையின் தேசத்தைத் தீர்மானித்திருக்கிறது. இது தெரியாமலேயே இந்தியர்களாக வாழ்ந்து முடிந்தவர்களும் உண்டு. தாய்வழி உறவு இந்தச் சட்டத்தில் செல்வாக்குப் பெற்றது இப்படி எதேச்சையாகத்தான். மற்றபடி, பிரெஞ்சுத் தாய்க்குப் பிறந்த பிள்ளையைத் தகப்பன் பிள்ளைக்குச் சமமாகச் சட்டம் வைத்தது 1973 ஜனவரி 9 ஆம் தேதிச் சட்டத்தில்.

4

இனி காகிதத்துக்கு வருவோம். கேட்கப்படுவது ஒரு சங்கிலி. தாத்தாவின் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, தேர்வு அறிவிப்பு, பிறகு அப்பாவினுடையது, பிறகு தன்னுடையது. ஒவ்வொரு கண்ணியிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழனிடம் ஒன்றாக இராதது பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் தலையெழுத்தாகும், அடுத்த தலைமுறையில் அதுவும் உதிர்ந்துவிடும். 'முத்து' என்பதன் முதல் உயிரொலிக்கு பிரெஞ்சு எழுத்தர் இரண்டெழுத்து போட்டார், ஆங்கிலம் படித்த எழுத்தர் ஓரெழுத்து போட்டார். முத்து ஒருவர்தான். பதிவேட்டில் இரண்டு பேர். அவர் இவர்தான் என்று சொல்லத் தெரு முழுக்க ஆள் இருக்கிறது, ஆனால் தெருவின் சாட்சி செல்லாது.

திருமணமும் அப்படியே. கோயிலில் தாலி கட்டியது ஊருக்குப் போதும், ரிஜிஸ்தருக்குப் போதாது. பிள்ளைக்கும் பெற்றோருக்குமான உறவு பிள்ளை வயதுவருவதற்குள் சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் அது குடியுரிமைக்கு உதவும் என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டம். அறுபது வயதில் ஒருவர் தன் அப்பாவுக்குத் தான் பிள்ளை என்று நிரூபித்தாலும் பயனில்லை.

5

2012 க்குப் பிறகு இந்த நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் 30-3 ஆம் பிரிவைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். மூதாதையர் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நிய நாட்டிலேயே தங்கிவிட்டு, மனுதாரரும் அங்கேயே வசித்து, அவரோ அவருக்கு உரிமை தரவேண்டிய தகப்பனோ தாயோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதில்லை என்றால், வம்சாவழி மூலம் தான் பிரெஞ்சுக்காரர் என்று நிரூபிக்க அவருக்கு அனுமதியில்லை. நிரூபணம் போதாது என்பதல்ல இது. நிரூபிக்கவே வராதே என்பது. புதுச்சேரி 'அந்நிய நாடு' ஆனது 1962 ஆகஸ்டில். ஐம்பது ஆண்டு முடிந்தது 2012 ஆகஸ்டில்.

'நடத்தப்படுதல்' என்றால் பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, வாக்காளர் அட்டை. மரீன் தெருவிலுள்ள தூதரகத்தோடு தொடர்பு விடாமல் வைத்திருந்த பென்ஷன் குடும்பங்களுக்கு இவை இருக்கும். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேரைப் பலிகொடுத்த மில் தொழிலாளர்களும் அன்று பிரெஞ்சு ஆட்சியின் பிரஜைகள்தான். அவர்கள் தெருக்களில் 1962 இன் ஆறு மாத அவகாசம் எத்தனை வீட்டுக்கு எட்டியிருக்கும்? உரிமை எல்லாருக்கும் எழுதப்பட்டது. அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது அரசோடு ஏற்கனவே காகித உறவு இருந்தவர்களால்தான் என்று நினைக்கிறேன்.

6

இது புதுச்சேரிக்கு மட்டும் உரிய கூத்தல்ல. 1948 இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தகப்பன் இங்கு பிறந்ததற்கோ, இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த பூட்டனுக்கு ரிஜிஸ்தர் ஏது? மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவரானார்கள். 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கு பிரித்தது. அஸ்ஸாமில் 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்தைய காகிதத்தில் தன் மூதாதையரைக் காட்ட வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31 இல் வெளியான பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். மணமாகி வேறு ஊர் போன பெண்கள் தகப்பனோடு தங்களை இணைக்கப் பஞ்சாயத்துச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

புதுச்சேரி மனுதாரர் உள்ளே போகக் கேட்கிறார், அஸ்ஸாம் மனுதாரர் வெளியே தள்ளாதே என்று கேட்கிறார். இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. முன்னவர் தோற்றாலும் வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும். பின்னவர் தோற்றால் தடுப்பு முகாம். ஆனால் எந்திரம் ஒன்றுதான். பதிவேட்டை எழுதியவனும் பூட்டியவனும் அரசு. அதிலுள்ள பிழைக்கும் இன்மைக்கும் பதில்சொல்ல வேண்டியவன் மட்டும் பேரன்.

ஆகவே நேஷனாலிட்டி மனுவை வெறும் பேராசை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கள் ஊரின் வரலாற்றைக் கீழூர் வாக்கெடுப்போடு முடித்துக்கொள்கிற நம் எழுத்தாளர்கள் இந்தக் கோப்புகளையும் படிக்க வேண்டும். துறவுப் பத்திரங்களும் தேர்வு அறிவிப்புகளும் நிராகரிப்புக் கடிதங்களும் நாந்த் நகரத்துப் பதிவகத்திலும் நம் வீட்டுப் பரண்களிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. சாதியை உதறப் பெயர் மாற்றியவர்களின் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. பரணிலுள்ளதைக் கறையான் தின்னுமுன் படியெடுத்து வைப்பதும், அந்தப் பதிவேடுகள் மனுதாரர் கைக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் நாம் உடனே செய்யக்கூடிய காரியங்கள்.