கொடையும் நிபந்தனையும்: மென்பொருள் உரிமங்களின் வரலாறு

கவிதையும் கணிப்பொறி நிரலும் சட்டத்தின் நோக்கில் ஓரினமே என்றால் நம் வட்டத்துக் கவிஞர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுதான். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்றபோது, 'இலக்கியப் படைப்பு' என்பதன் வரையறைக்குள் கணிப்பொறி நிரலும் கொண்டுவரப்பட்டது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய 1994-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையும் நிரல்களை இலக்கியப் படைப்புகளாகவே பாதுகாக்க வேண்டும் என்கிறது. வெண்பா எழுதியவருக்கு உரிய அதே உரிமை, சம்பளப் பட்டியல் கணக்கிடும் நிரலை எழுதியவருக்கும் உரியது. அவ்வுரிமையைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது, எழுத்தையே தவமாகக் கொண்ட நாமும் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் முதலிலேயே மனங்கொள்ள வேண்டும். கவிதை அச்சேறினால் அதன் ஒவ்வோர் எழுத்தும் வாசகன் கண்முன் நிற்கும். நிரலுக்கோ இரண்டு உடல்கள். மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம் ஒன்று. அதனை மூலநிரல் என்பர். பொறி மட்டுமே உணரும்படி சுழியும் ஒன்றுமாக மாற்றப்பட்ட வடிவம் மற்றொன்று. பின்னதை விற்றுவிட்டு முன்னதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாம். வாங்கியவர் அதனைப் பயன்படுத்தலாம், படிக்க இயலாது, பிழை கண்டாலும் திருத்த இயலாது.

தொடக்கத்தில் இப்பூட்டு இல்லை. பெருங்கணிப்பொறி வாங்கியவர்க்கு நிரலும் பெரும்பாலும் உடன் வந்தது. ஐ.பி.எம். பொறிகளைப் பயன்படுத்தியோர் 1955-இல் 'ஷேர்' என்ற பெயரில் சங்கமே அமைத்து நிரல்களைப் பகிர்ந்துகொண்டனர். 1969-இல் அந்நிறுவனம் நிரலுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயதே ஆகியிருந்த பில் கேட்ஸ், தம் 'பேசிக்' நிரலை விலை கொடாமல் படியெடுக்கும் பொழுதுபோக்காளர்களைத் திருடர் என்றே சுட்டி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் லி-சென் வாங் என்பார் தம் சிறிய 'பேசிக்' நிரலின் தலைப்பில், பதிப்புரிமை அறிவிப்பைத் தலைகீழாக்கிக் 'காப்பிலெஃப்ட்' என்று எழுதி வைத்தார். அன்று அது வெறும் நகைச்சுவை.

அந்நகைச்சுவையைச் சட்டமாக்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போர்க்குச் செய்தி அனுப்பும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனம் புதியதொரு லேசர் அச்சுப்பொறியை அன்பளிப்பாக அளித்தது. அதிலும் தாள் சிக்கியது. மூலநிரல் மட்டும் உடன் வரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அம்மூலநிரலை வைத்திருந்த ஒருவரை நேரில் கண்டு கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். இதனை ஸ்டால்மன் தாமே பலமுறை கூறியிருக்கிறார். ஒரு தாள் சிக்கலுக்கா இத்தனை சினம் என்று கேட்கத் தோன்றும். அண்டை வீட்டாருக்கு உதவமாட்டேன் என்று ஒருவர் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தந்துவிட்டாரே என்பதுதான் அவரை வருத்தியது.

1984 ஜனவரியில் அவர் வேலையைத் துறந்து, 'குனு' என்ற பெயரில் முழுமையானதோர் இயங்குதளத்தைக் கட்டற்ற மென்பொருளாக எழுதத் தொடங்கினார். முதல் அடி உறவினரிடமிருந்தே விழுந்தது. 'ஈமாக்ஸ்' என்னும் உரைதொகுப்பியை அவர் புதிதாக எழுதியபோது, ஜேம்ஸ் காஸ்லிங் அதுவரை தாராளமாக வழங்கிவந்த வேறோர் ஈமாக்ஸின் சில பகுதிகளையும் எடுத்தாண்டார். காஸ்லிங்கோ தம் நிரலின் உரிமையை ஒரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். அந்நிறுவனம் எதிர்த்தது. ஸ்டால்மன் அப்பகுதிகளை நீக்கித் தாமே மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. வாய்மொழிக் கொடையைத் திரும்பப் பெற முடியும் என்பதை அவர் கற்ற இடம் இது.

அப்படியானால் உரிமையை முற்றாகத் துறந்து பொதுவில் விட்டுவிடலாமே எனலாம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் பொதுவாக்கியதை நாம் அறிவோம். அதனால் விளைந்த நன்மையையும் அறிவோம். ஆனால் பாரதியின் வரியை ஒருவர் மாற்றி அச்சிட்டால் மூலம் எங்கும் போய்விடுவதில்லை. மாற்றமும் கண்ணுக்குத் தெரியும். நிரலில் நிலைமை வேறு. பொதுவில் கிடக்கும் நிரலை எடுத்து, நான்கு வரி கூட்டி, மூலநிரலைப் பூட்டி விற்பவரை எவரும் தடுக்க இயலாது. நாளடைவில் மக்கள் கையில் இருப்பது பூட்டிய படியே.

எனவே ஸ்டால்மன் பதிப்புரிமையைத் துறக்கவில்லை. அதனை இறுகப் பற்றிக்கொண்டார். எவரும் இதனைப் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் வழங்குகிறவர் மூலநிரலையும் சேர்த்து, பெறுகிறவர்க்கும் இதே உரிமைகளை அளித்தே வழங்க வேண்டும். தம் வீட்டிற்குள் திருத்திக்கொள்பவருக்கு இக்கடமை இல்லை. விலைக்கு விற்பதற்கும் தடை இல்லை. ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல்லில் இலவசமும் விடுதலையும் குழம்பிக் கிடக்க, அவர் இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நமக்கு அத்தொல்லை இல்லை. 'கட்டற்ற' என்றால் போதும். 'காப்பிரைட்' என்பதிலுள்ள 'ரைட்' உரிமையையும் வலப்பக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். அச்சிலேடையைப் பற்றி எழுந்த 'காப்பிலெஃப்ட்' என்னும் சொல்லை, நண்பர் டான் ஹாப்கின்ஸ் அனுப்பிய கடிதமொன்றில் கண்டு, தம் முறைக்கு ஸ்டால்மன் பெயராக்கிக்கொண்டார்.

இம்முறையைப் பல நிரல்களுக்கும் பொதுவாக்கிய ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் முதற்பதிப்பு 1989 பிப்ரவரியில் வெளிவந்தது. மறுமாதம், மார்ச் முதல் நாள், அமெரிக்கா பெர்ன் உடன்படிக்கையில் இணைந்தது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் அந்நாட்டில் உரிமை அறிவிப்பின்றி வெளியிட்டவர் உரிமையையே இழக்க நேரிடலாம். அதன்பின் அறிவிப்பு வேண்டியதில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடும். 1928 முதல் பெர்ன் உடன்படிக்கையில் உள்ள இந்தியாவிலும் நெறி இதுவே. கவிஞர்கள் சற்றே நின்று எண்ண வேண்டிய இடம் இது. ஒன்றும் சொல்லாமல் வெளியிட்டால் ஊருக்குக் கொடுத்ததாகப் பொருள் என்று நம்மிற் பலர் கருதுகிறோம். சட்டம் நேர்மாறாகக் கருதுகிறது. மௌனம் மறுப்பே. கொடுப்பவர் வாய்திறந்து கொடுத்தாக வேண்டும். உரிமம் என்பது அந்த வாய்மொழியின் எழுத்து வடிவம்தான்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் கொடுத்த முறை வேறு. அவர்தம் பி.எஸ்.டி. உரிமம் சில வரிகளே: எங்கள் பெயர் அறிவிப்பை நீக்காதீர், பழுது நேர்ந்தால் எங்களைக் கேளாதீர், மற்றபடி பூட்டினும் விற்பினும் உம் விருப்பம். தொடக்கத்தில், விளம்பரங்களிலும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்றொரு விதி இருந்தது. அதனைப் பார்த்து மற்றவரும் தத்தம் பெயரைச் சேர்க்க, 1997-இல் ஒரு தொகுப்பில் மட்டும் இத்தகைய வாசகங்கள் 75 இருந்ததாக ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். நம் விழாக்களின் நன்றியுரையைக் கேட்டவர்க்கு இதன் துன்பம் விளங்கும். 1999-இல் பல்கலைக்கழகம் அவ்விதியை நீக்கியது.

இவ்விரு முறைகளின் பயன் போகப்போகத் தெரிந்தது. ஹெல்சிங்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸின் முதல் உரிமம், காசு வாங்கி வழங்குவதையே தடுத்தது. 1992-இல் அவர் ஜி.பி.எல்.லுக்கு மாறினார், தாம் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே என்று பின்னர் கூறினார். அவ்வாண்டிலேயே ஏ.டி.&டி.யின் துணை நிறுவனம் பெர்க்லி நிரல்மீது வழக்குத் தொடுத்தது. 1994-இல் சமரசமானபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க நேர்ந்தவை மூன்றே. அந்த ஐயப்பாட்டுக் காலத்தில் லினக்ஸ் வளர்ந்துவிட்டது. பெர்க்லி வழிவந்த நிரல்கள் ஆப்பிள் கணிப்பொறிகளுக்குள் சென்றன. திருப்பித் தரும் கடமை அதற்கு இல்லை. லிங்க்சிஸ் நிறுவனம் தன் கம்பியில்லா இணைப்புப் பெட்டியில் லினக்ஸை வைத்து விற்றபோது, 2003-இல் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 'ஓப்பன்டபிள்யுஆர்டி' என்னும் புதிய நிரல் கிளைத்தது. சிறு கருவிக்குப் பெர்க்லி முறை போதும். பலர் உழைப்பில் வளரும் பெரும்படைப்புக்கு ஸ்டால்மனின் கட்டுத் தேவை என்பது என் கருத்து.

1998 பிப்ரவரியில் கிறிஸ்டின் பீட்டர்சன் 'திறந்த மூலம்' என்ற சொல்லை முன்மொழிந்தார். புரூஸ் பெரன்ஸ் வகுத்த பத்து விதிகளுக்குள் இருமுறைகளும் அடங்கின. வணிக உலகம் அச்சொல்லை விரும்பியது. ஸ்டால்மன் இன்றும் விரும்புவதில்லை.

இவையெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்வி நெடுங்காலம் எஞ்சியிருந்தது. 2004-இல் மூனிக் நீதிமன்றம் ஜி.பி.எல். செல்லும் என்றது. அமெரிக்காவில் இதற்கு விடை கிடைத்தது ஒரு பொம்மை இரயில் வழக்கில். பெர்க்லி இயற்பியலாளர் இராபர்ட் ஜேக்கப்சனும் தோழர்களும் சிற்றுரு இரயில்களை இயக்கும் நிரலொன்றை எழுதிக் காசின்றி வழங்கினர். லாரி வால் தம் 'பெர்ல்' மொழிக்காக வகுத்த 'கலைஞர் உரிமம்' அதற்கு இடப்பட்டிருந்தது. மேத்யூ காட்சர் என்பாரின் நிறுவனம் அதன் கோப்புகளைத் தன் விற்பனைப் பொருளில் சேர்த்தது. எழுதியவர் பெயர்களும், மூலம் எங்குள்ளது என்ற குறிப்பும், செய்த மாற்றங்களின் விவரமும் அதில் இல்லை. கீழ்நீதிமன்றம், இது வெறும் ஒப்பந்த மீறல் என்று கூறித் தடையாணை மறுத்தது. 2008 ஆகஸ்டு 13 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வுரிமத்தின் விதிகள் கொடைக்கு இடப்பட்ட நிபந்தனைகள். அவற்றை மீறிப் படியெடுப்பது பதிப்புரிமையையே மீறுவதாகும். பணம் கைமாறாவிட்டாலும் படைப்பாளிக்குப் புகழ் முதலிய பயன்கள் உண்டு என்றது அத்தீர்ப்பு. பெயர் விடுபட்டதைப் பெருங்குற்றமாக நீதிமன்றம் கொண்டதை நம்மவர் கவனிக்க வேண்டும்.

2010-இல் வழக்குச் சமரசமாயிற்று. எதிர்த்தரப்பார் 1,00,000 டாலர் தர இசைந்தனர். அந்த இரயில் நிரல் இன்று ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டு வருகிறது.