அந்த ஏஜண்டுக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

 முருகன் துணை.

போன வாரம் அன்னதானத்துக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கிட்டு இருந்தோம். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு தாத்தா பேச்சோடு பேச்சா சொன்னார்: “அந்தக் காலத்துல நம்ம குறையைக் கேக்க இந்தியாவிலிருந்து ஒரு ஏஜண்டு கோலாலம்பூர்ல இருந்தாராம். எங்கப்பா சொல்வாரு.” பக்கத்தில் இருந்த தம்பி உடனே கேட்டான்: “அவருக்குச் சம்பளம் யாரு தாத்தா கொடுத்தா? துரையா?”

எல்லாரும் சிரிச்சோம். ஆனா கேள்வி சாதாரணமானது இல்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.

முதல்ல பெரிய கதை. ஒரு பேரரசு வெளிநாட்டுக்குத் தூதரை அனுப்பினால் செலவு இருக்கு: சம்பளம், பங்களா, சிப்பந்திகள், விருந்து. அதையெல்லாம் லண்டன் தன் கையிலிருந்தே கொடுத்ததா? பல நேரம் இல்லை. 1867-ல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வந்தார். அவருக்கு இந்தியா அலுவலகத்தில் பெரிய விருந்தும் நடனமும் வைத்தார்கள். அந்த பில் இந்திய வரிப்பணத்தில் எழுதப்பட்டது! அதே வருஷம் அபிசீனியாவுக்கு இந்தியப் படை போனது. அந்தச் சிப்பாய்களின் வழக்கமான சம்பளமும் இந்தியா தலையில்தான். பாரசீகத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரகச் செலவிலும் இந்தியா பங்கு கொடுத்தது.

இதை விடாமல் கேள்வி கேட்டவர் தாதாபாய் நவ்ரோஜி. இந்தியாவின் செலவுகளை ஆராய 1895-ல் வெல்பி பிரபு தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தார்கள். நவ்ரோஜியும் அதில் உறுப்பினர். யாருடைய நன்மைக்காகச் செலவோ அவர்தானே கொடுக்கணும் என்பதுதான் வாதம். லண்டனில் உட்கார்ந்து இந்தியாவை ஆண்ட மந்திரியின் சம்பளமே இந்தியப் பணத்தில்தான் போய்க்கிட்டு இருந்தது. 1919 சட்டத்துக்குப் பிறகுதான் அதை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். 1867 ஏப்ரல் 1 வரைக்கும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தன. அப்புறம் லண்டன் காலனி அலுவலகத்துக்கு மாறின. 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம். பேராவுக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வருவார், மலாய்க்காரர்களின் சமயம், வழக்கம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் யோசனையைக் கேட்டு நடக்கணும் என்று எழுதினார்கள். அதிலேயே இன்னொரு வரியும் இருக்கு: அந்த ரெசிடெண்ட், அவர் அலுவலகம், இதற்கான செலவு பேராவின் வருமானத்தில் முதல் செலவு. எவ்வளவு என்று நிர்ணயிப்பதும் அவர்களே!

யோசிச்சுப் பாருங்க. “யோசனை சொல்ல” ஆளை அனுப்பினது அவங்க. சம்பளம் கொடுத்தது இந்த மண். நம்ம பஹாங்குக்கு 1888-ல் ரெசிடெண்ட் வந்தார். பஹாங்குக்கு அவ்வளவு வருமானம் இல்லை, கடன் ஏறியது. 1896-ல் பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பஹாங் நாலையும் ஒரு கூட்டாட்சியாகச் சேர்த்தார்கள். பணமுள்ள மாநிலம் பணமில்லாத பஹாங்கைத் தாங்கட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்து நம்ம ஆட்கள். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். பின்னாளில் அது இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. தென்னிந்தியத் தொழிலாளியை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், ஆட்கள் வேலை செய்த நாட்களைக் கணக்குப் பார்த்து இதற்குப் பணம் கட்டணும். அந்தப் பணத்தில்தான் நாகப்பட்டினம், ஆவடி முகாம்களும், கப்பல் டிக்கெட்டும், கங்காணிக்கு ஆள்பிடிக்கும் படியும். 1929-ல் போ தோட்டம் தொடங்கி, தாப்பா சாலை வந்து, மலைமேல் தேயிலை வளர்ந்த காலத்திலும் இந்த ஏற்பாடுதான் நாட்டில் நடப்பு. கட்டினது முதலாளி என்று ஏட்டில் இருக்கும். ஆனா அது நம்ம பாட்டன் பாட்டி பெரட்டுக்கு நின்ற நாட்களை எண்ணி எடுத்த பணம். அந்த நிதியை நிர்வகித்த குழுவில் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் செல்வாக்கோடு இருந்தார்கள்.

அப்போ ஏஜண்டு? இந்தியா 1922-ல் குடிபெயர்வோர் சட்டம் போட்டது. வெளிநாடு போன தொழிலாளரின் நலனைப் பார்க்க ஏஜண்டுகளை நியமிக்க அதில் இடம் இருந்தது. அதன்படி மலாயாவுக்கும் ஒருவர் வந்தார். அவர் இந்திய அரசாங்கத்தின் அதிகாரி, சம்பளமும் அங்கிருந்துதான். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்: துரை இல்லை.

இதனால என்ன வித்தியாசம்? துரையிடம் சம்பளம் வாங்காதவர் என்பதால் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கவும், வருஷா வருஷம் அறிக்கை எழுதவும், கூலி போதாது என்று சொல்லவும் முடிந்தது. 1938 மே மாதம் ஆண்களுக்கு 50 காசை 45 ஆகவும், பெண்களுக்கு 40 காசை 35 ஆகவும் குறைத்தார்கள். ஜூன் மாதமே உதவியோடு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்திவிட்டது.

ஆனா முழுசாப் புகழவும் முடியாது. அந்த இந்திய அரசாங்கமும் அப்போ பிரிட்டிஷ் கையில்தான். ஏஜண்டு எழுதலாம், கேட்கலாம். உத்தரவு போட முடியாது. அவர் சம்பளமும் ஊரில் நம்ம சொந்தக்காரர்கள் கட்டின வரிதானே. அங்கே நிலவரியும் உப்புவரியும், இங்கே வேலை நாட்கள். இரண்டு பக்கமும் கொடுத்தது ஒரே குடும்பம்.

அந்த நிதி 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999-ல் கலைக்கப்பட்டது. அந்தப் பெயரே இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது.

கோவிலில் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. திருவிழா உபயத்தில் ஒருவர் பெரிய தொகை கொடுப்பார், ஒரு பாட்டி பத்து வெள்ளி கொடுப்பார். ரசீதில் இரண்டும் ஏறணும். பத்து வெள்ளியை எழுதாமல் விட்டால், நாளைக்கு அந்தப் பாட்டி கொடுக்கவே இல்லை என்றுதான் ஏடு சொல்லும். நம்ம முன்னோருக்கு நடந்தது அதுதான். கொடுத்தவர்கள் அவர்கள், ஏட்டில் வேறு பெயர்.

வீட்டில் பழைய செக்ரோல் தாள், கப்பல் டிக்கெட், சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க. படம் எடுத்துட்டு அப்பவே கையில் திருப்பித் தந்துடறோம். தாத்தா பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க, எழுதி வையுங்க.

அந்தத் தம்பிக்கு நன்றி. முட்டைக்கோஸ் நறுக்கும்போது கேட்ட கேள்விதான் இவ்வளவும்.

வேலும் மயிலும் துணை.