பெங்களூருக்கு முன்பே: இளம் சர்ச்சிலின் தன்கல்வி பற்றி ஒரு மறுவாசிப்பு

இளம் படையதிகாரி தன்னைத் தானே பயிற்றுவித்துக்கொண்டதற்குச் சான்றாக வின்ஸ்டன் சர்ச்சிலின் பெங்களூர் நாட்கள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. 4ஆம் ஹுஸார் குதிரைப்படையின் இளநிலை அதிகாரிக்கு 1896 குளிர்காலத்தில் திடீரென அறிவுப்பசி பிறந்தது. மாலைப் போலோவுக்கு முந்தைய வெயில் நேரத்தில் வரலாற்றாசிரியர்களான கிப்பனையும் மெக்காலேயையும் படித்துத் தீர்த்தார் என்பது இவ்வழி வந்த ஆய்வாளர்களின் கூற்று. அவர்கள் சார்ந்து நிற்பது சர்ச்சிலே 1930இல் வெளியிட்ட ‘மை எர்லி லைஃப்’ என்னும் தன்வரலாற்றை.

அந்நூலின் கால வரிசை ஐயத்துக்குரியது. 1895 ஆகஸ்டில், அதிகாரியாகிச் சுமார் ஆறு மாதமே ஆன நிலையில், ஆல்டர்ஷாட் முகாமிலிருந்து தாய்க்கு எழுதுகிறார்: படைவாழ்வில் மூளை தேங்கிப்போகிறது, தமக்குக் கிடைத்த கல்வியோ தொழில்முறைக் கல்வி மட்டுமே. ஃபாசெட்டின் பொருளியல் நூல் அப்போதே கையில் இருக்கிறது. கிப்பனும் லெக்கியும் அடுத்துப் படிக்க வேண்டிய வரிசையில் இருக்கிறார்கள். ஆக, பெங்களூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் பசி ஓராண்டுக்கு முன்பே திட்டமாகிவிட்டது. தாயின் மனம் கவர எழுதியது என்று இக்கடிதத்தைத் தள்ளுவோர் உண்டு. இருக்கலாம், ஆனால் 1930இன் கதைக்கு ஒவ்வாத ஒன்றை 1895இல் புனைய அவருக்கு என்ன தேவை?

நூற்பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப்படுவது 1897 வசந்தத்தில் பெங்களூரிலிருந்து எழுதிய கடிதங்கள் காட்டும் பயிற்சி. நாடாளுமன்ற விவாதங்களையும் பதிவுசெய்த ‘ஆனுவல் ரெஜிஸ்டர்’ என்னும் ஆண்டுத் தொகுதிகளைத் தாயிடம் கேட்டு வாங்குகிறார். பழைய நாடாளுமன்ற விவாதம் ஒன்றைப் படிக்குமுன், அப்பொருள் பற்றிய தம் முடிவைப் பொதுக் கொள்கைகளை மட்டும் கொண்டு தாளில் எழுதிவிடுகிறார். பிறகே விவாதத்தைப் படிக்கிறார். தம் முடிவை மீண்டும் எடைபோட்டு எழுதுகிறார். முழுத்தகவல் வருமுன் முடிவெடுப்பதும், எடுத்த முடிவைச் சோதனைக்கு உட்படுத்துவதும் படைத்தலைவனின் அன்றாட வேலை அல்லவா?

அவர் கண் இருந்தது அரசியல்மீது. எனவே இதைப் படைப்பயிற்சி என்று பெயரிடுவது மிகை. ஆயினும் இங்கு உருவான பழக்கம் படைப்பணியோடு ஒட்டாமல் நின்றுவிட்டதாகத் தெரியவில்லை. ராணுவத்தை விட்டு விலகிய அதே 1899இல் வெளிவந்த ‘தி ரிவர் வார்’ நூலில், தாம் போரிட்ட படையின் தலைவர் கிச்சனரை, சூடானின் கிளர்ச்சித் தலைவர் மாஹ்தியின் கல்லறை சிதைக்கப்பட்டதற்காக வெளிப்படையாகக் கண்டிக்கிறார். பணியாளும் ஓய்வும் வாய்த்த மேட்டுக்குடி இளைஞருக்கு இதெல்லாம் எளிது என்ற மறுப்பு உண்மைதான். அதே வசதி வாய்த்த மற்ற அதிகாரிகள் பெரும்பாலும் போலோவோடு நின்றுகொண்டதை அது விளக்கவில்லை.

புதிய அதிகாரிகளுக்கு நூற்பட்டியல் வகுப்போர் சர்ச்சிலைத் துணைக்கு அழைக்கும்போது 1930இன் நூலோடு நின்றுவிடலாகாது. 1967இல் அவர் மகன் ராண்டால்ஃப் சர்ச்சில் பதிப்பித்த கடிதத் தொகுதியில் 1895, 1897 கடிதங்கள் இரண்டையும் படிக்கலாம்.