தனித்துப் பறந்த வீரன்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் பீடும் எழுதி வழிபடுதல் பண்டைத் தமிழர் மரபு. அம்முறையை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. இம்மரபில் வந்தோர், தம்மை ஆண்ட அயலவரின் படையில் பணியாற்றி மாண்ட ஒருவனை எவ்வாறு நினைத்தல் தகும்? பினாங்கின் போர்க்கால வரலாற்றைப் பயில்வோர் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

அவ்வீரன் ஆர்தர் ஸ்கார்ஃப். 1913ஆம் ஆண்டு இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் பிறந்தவன். பிரிட்டிஷ் வான்படையின் 62ஆம் அணியில் படைத்தலைவனாக விளங்கியவன். 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்துக் கரையிலுள்ள சிங்கோரா, பட்டாணி ஆகிய இடங்களிலும் தரையிறங்கினர். சிங்கோராவின் வானூர்தித் தளம் உடனே அவர்கள் வசமாயிற்று. அத்தளத்தைத் தாக்குமாறு, மறுநாள், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் தளத்துக்கு ஆணை வந்தது.

பிளென்ஹைம் வகைக் குண்டுவீச்சு வானூர்திகள் புறப்பட அணியமாயின. ஸ்கார்ஃப் செலுத்திய ஊர்தி ஓடுபாதையை விட்டு எழுந்த சில நொடிகளில் ஜப்பானிய வானூர்திகள் தளத்தின்மேல் பாய்ந்தன. தரையில் நின்றவை யாவும் அழிந்தன அல்லது சிதைந்தன. வானில் வட்டமிட்ட ஸ்கார்ஃப் அக்காட்சியைக் கண்டான். கூட்டமாகச் செல்லுமாறு இடப்பட்ட ஆணை அது. அவன் திரும்பியிருப்பின் எவரும் குறை கூறியிரார். ஓர் ஊர்தியால் பகைவர்க்கு நேரும் சேதம் சிறிதே என்பதையும் அவன் அறிவான். ஆயினும் எரியும் ஊர்திகளைக் கையற்று நோக்கி நின்ற தோழரின் உள்ளம் தளராதிருக்க வேண்டும் எனக் கருதி, வடதிசை நோக்கிப் பறந்தான். உடன் சென்றோர் கால்டர், ரிச் என்னும் இருவர்.

சிங்கோராவில் குண்டுகளை வீசித் திரும்பும் வழியில் பகைவரின் போர் வானூர்திகள் பல அவனைத் துரத்தின. அவனது இடக்கை சிதைந்தது. முதுகிலும் பெரும்புண் பட்டது. மலாயா எல்லைவரை போர் ஓயவில்லை. சாய்ந்த உடலைத் தோழர் தாங்கிக்கொள்ள, கடாரத்தின் தலைநகராகிய அலோர் ஸ்டாரில் ஊர்தியை இறக்கினான். தோழர் இருவருக்கும் காயம் இல்லை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறிது நேரத்தில் அவன் உயிர் பிரிந்தது. அப்போது அவனுக்கு வயது 28.

வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்நீத்த செய்தி மாணவர் அறிந்ததே. புறப்புண் அன்று இழுக்கு. வான்போரிலோ பகைவன் பின்தொடர்ந்தே சுடுகின்றான். எனவே புண் பட்ட இடத்தை நோக்காது, அவன் சென்ற திசையை நோக்குவதே ஈண்டுப் பொருந்தும்.

எனினும், இவ்வீரத்தின் ஒளியில் அரசின் செயல் மறைந்துவிடலாகாது. டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகரின்மேல் ஜப்பானியர் குண்டு பொழிந்தனர். அவர்களைத் தடுக்க ஒரு போர் வானூர்தியும் இல்லை. வானை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்ட மக்கள் பெருந்தொகையினராய் மாண்டனர். சில நாள்களில் ஐரோப்பியர் தீவைவிட்டு இரகசியமாக அகற்றப்பட்டனர். தமிழர், சீனர், மலாய்க்காரர் கைவிடப்பட்டனர். அந்நிலையில் இலங்கைத் தமிழரும், 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியருமாகிய மாணிக்கசோதி சரவணமுத்து முன்வந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, பல இனத்தாரையும் கூட்டிப் பொதுப்பணிக் குழு அமைத்து நகரைப் பேணினார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவில் நுழைந்தனர்.

ஆண்டோர் கைவிட்டனர் என்பதும் உண்மை. அவர்தம் படைவீரன் ஒருவன் கடமையைக் கைவிடவில்லை என்பதும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. அரசின் பிழையை வீரன்மேல் ஏற்றுதலும், வீரனின் புகழை அரசுக்கு அணியாக்குதலும் ஒருங்கே தவறாகும்.

பின்வாங்கலின் குழப்பத்தால் ஸ்கார்ஃபின் செயல் உடனடியாகப் போற்றப்படவில்லை. போர் முடிந்தபின், 1946இல், பிரிட்டனின் தலைசிறந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. அதனை அவன் மனைவி பெற்றுக்கொண்டார். அவன் உடல் தைப்பிங் போர்க் கல்லறையில் துயில்கின்றது. பெயர் பொறித்த கல் அவனுக்கு உண்டு.

அந்தக் கல்லைப் பெறாதோர் எத்துணையோர்! ஜார்ஜ் டவுன் தெருக்களில் மாண்டோர், பின்னர்ச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த தோட்டத் தமிழர் ஆகியோருட் பலர்க்குக் கல்லும் இல்லை; பெயரும் எழுதப்படவில்லை. ஸ்கார்ஃபை நினைக்கும் ஒவ்வொரு முறையும் இவர்களும் நினைவுக்கு வரவேண்டும். வீட்டு முதியோர் சொன்ன பெயர்களையும் ஊர்களையும் ஆண்டுகளையும் மாணவர் குறித்து வைப்பாராயின், அதுவே இக்காலத்துக் கல் நடும் பணியாகும். அப்பணிக்கு வழிகாட்டும் கடமை தமிழாசிரியருடையது.