அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம்

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி உயரமானது. 1959இல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். மக்கள் பேச்சில் அது 'பதினாலு மாடிக் கட்டடம்'.

அதைக் கட்டத் தொடங்கியவர் தனியார் துறையைச் சேர்ந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய அவர், தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953இல் பணியைத் தொடங்கினார். மறு ஆண்டே சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார்.

கட்டடத்தின் உரிமை மாறியதற்கான அரசியல் பின்னணி சென்னைக்கு மேற்கே ஆவடியில் உருவானது. 1955 ஜனவரியில் அங்கு கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 19 அன்று மத்திய அரசு ஆயுள் காப்பீட்டைத் தன் பொறுப்பில் எடுத்தது. இந்திய, அயல்நாட்டு நிறுவனங்களும் சேமநல சங்கங்களுமாக 245 அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. பாதி எழும்பிய கட்டடமும் அதன் சொத்தானது.

வடிவமைப்பைத் தொடங்கியவர்கள் பிரவுன், மௌலின் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள். 1957இல் அவர்கள் விலகியதும் சென்னையின் எல்.எம். சிதாலே பணியை முடித்தார். நியூயார்க்கின் ஐ.நா. தலைமைச் செயலகத்தின் சாயல் இதில் உண்டு. அதே சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தில் செங்கல் சுவர்களும் இந்தோ-சாரசெனிக் பாணிக் கோபுரங்களும் இருந்தன. இங்கோ அலங்காரம் எதுவும் இல்லை. கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் பாரத்தைத் தாங்க, சுவர்கள் தடுப்புகளாக மட்டுமே நிற்கின்றன. சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிவந்த நகரம் கான்கிரீட்டுக்கு மாறியதன் அடையாளம் இது. கட்டுமானத்தை நடத்தியது கோரமண்டல் இன்ஜினீயரிங் நிறுவனம்; செலவு சுமார் 87 லட்சம் ரூபாய்.

1959 ஆகஸ்ட் 23 அன்று மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1961இல் மும்பையின் உஷா கிரண் உயரத்தில் இதை முந்தியது. சென்னையில் இதன் முதலிடம் மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. வெளியூரிலிருந்து பட்டணம் வருவோர் அண்ணாந்து பார்த்துச் செல்லும் இடமாயிற்று. கதாநாயகன் சென்னையில் காலடி வைக்கும் காட்சி என்றால் திரைப்படங்கள் சென்ட்ரல் நிலையத்தையும் எல்.ஐ.சி.யையும் காட்டின.

1975 ஜூலை 11 அன்று பெருந்தீ கட்டடத்தைப் பெரிதும் சேதப்படுத்தியது. கான்கிரீட் எலும்புக்கூடு தாக்குப்பிடித்ததால், சீரமைத்து மீண்டும் பயன்படுத்த முடிந்தது. இன்று நகரில் இதைவிட உயர்ந்த கட்டடங்கள் பல உண்டு. என்றாலும் எல்.ஐ.சி. அலுவலகம் இங்கேயே இயங்குகிறது. அருகிலுள்ள பேருந்து நிறுத்தமும் அதன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.