முழுக்குக் கணக்கு

ரமணரின் ‘நான் யார்?’ மிகச் சிறிய புத்தகம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் புத்தகக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்கிற ரெவின்யூ இலாகா ஊழியர் மலைமேல் விருபாட்ச குகைக்குப் போய்க் கேட்ட கேள்விகளும், அப்போது பேசாமலிருந்த ரமணர் எழுதிக்காட்டிய பதில்களும்தான் அதற்கு மூலம். அச்சில் புத்தகமாக வந்தது 1923இல். அதில் ஒரு இடத்தில் முத்துக்குளிப்பவர் வருகிறார். அவர் இடுப்பில் கல் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய் முத்தெடுப்பதைப்போல ஒருவர் தனக்குள் மூழ்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் விஷயம்.

ஆன்மிகவாதிகளுக்கு அந்த வரியில் முத்து தெரியும். எனக்குக் கல்தான் கண்ணில் பட்டது. நான் ஆசிரமத்துக்குப் பின்தெருவில் வாடகைக்கு இருந்துகொண்டு லேப்டாப்பில் கோட் எழுதுகிறவன். கடல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பாண்டிச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டதிலிருந்து, முழுக்குகளைப் பதிவு செய்யும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் மூலநிரலை ஓய்வு நேரத்தில் நோண்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் ‘இடுப்பில் கல் கட்டினால் எப்படி மேலே வருவார்?’ என்ற கேள்விதான் முதலில் எழுந்தது.

மன்னார் வளைகுடாவின் குளியாளிகள் பெரும்பாலும் கல்லை இடுப்பில் கட்டவில்லை, காலால் மிதித்தார்கள். சுமார் 15 கிலோ கல், அதன் கயிற்றில் ஒரு வளையம். வளையத்துக்குள் ஒரு காலை நுழைத்து, மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டால் கல்லே ஆளைக் கீழே கொண்டுபோய்விடும். ஆழம் 5 பாகத்திலிருந்து 10 பாகம், அதாவது 9 முதல் 18 மீட்டர் வரை. கால் தரை தொட்டதும் கல்லை உதறிவிடுவார். மேலே படகில் இருப்பவர் உடனே அதை இழுத்துக்கொள்வார். குளியாளிக்குக் கீழே கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிஷம். கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் போட்டுவிட்டு இன்னொரு கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார்.

அந்த மேலே இருப்பவருக்கு ஆங்கிலேயர் பதிவுகளில் ‘மண்டக்’ என்று பெயர். முத்தைப் பற்றியும், குளியாளியின் மூச்சைப் பற்றியும் எழுதாத பயணி கிடையாது. மண்டக்கைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். அவர் தூங்கிவிட்டால் கதை முடிந்தது என்பதை யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. மென்பொருள் உலகில் இவருக்கு மெயின்டெய்னர் என்று பெயர். அவரிடம் வருவதற்கு முன் கணக்குப்பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

முத்துக்குளிப்பில் கணக்கு எப்போதுமே கரையில் இருப்பவருடையது. கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்று முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான பெரிப்ளஸ் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவுக்கு பங்கு விகிதமே ஞாபகம் இருந்திருக்கிறது: ராஜாவுக்குப் பத்தில் ஒன்று, சுறா கடிக்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒன்று. இந்த மந்திரக்காரர்களைத் தமிழில் கடல்கட்டி என்பார்கள். 19ஆம் நூற்றாண்டிலும், பிரிட்டிஷ் அதிகாரிகள் சிரித்துக்கொண்டே அவர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். கடல்கட்டி இல்லாமல் ஒரு ஆளும் தண்ணீரில் இறங்கமாட்டான் என்பதால்தான். சேஃப்டி சர்ட்டிபிகேட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் வந்தபிறகு கணக்கு ரொம்பத் துல்லியமானது. இலங்கைப் பக்கம் படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளை வேலி போட்ட அடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். இரண்டு குவியல் அரசுக்கு, எந்த இரண்டு என்பதையும் அரசுதான் முடிவு செய்யும். மிச்சம் குளியாளிகளுக்கு. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த சிலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இறங்கியவர்கள் ஏறக்குறைய 5,000 பேர். தமிழ்க்கரைக்காரர்கள், மலபார்க்காரர்கள், அரேபியர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அந்தக் கணக்கில் அலகு சிப்பி. முழுக்கு ஒரு அலகாகவே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் முழுக்கு கணக்குக்குள் வருகிறது. சிலாபத்துக்கு முன்னால் பார்களைப் பரிசோதிப்பார்கள். பார் என்றால் சிப்பி படிந்திருக்கும் கடலடித் திட்டு. இலங்கையில் முத்துப்பார் இன்ஸ்பெக்டராக இருந்த கேப்டன் டொனன் கப்பலை ஒரு இடத்தில் நிறுத்தி, அதைச் சுற்றிப் படகுகளை வட்டமடிக்க விடுவார். படகிலிருந்து குளியாளி இறங்கி, அடியில் மணலா பாறையா, சிப்பி எத்தனை என்று சொல்வார். அது வரைபடத்தில் ஏறும். எங்கே இறங்கினார், என்ன பார்த்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. இன்றைக்கு டைவ் லாக் என்று சொல்வதில் முக்கால்வாசி அதுதான். இறங்கியவரின் பெயர்தான் இருக்காது.

இவ்வளவு கணக்கு வைத்தும் சிப்பி சொல்பேச்சு கேட்கவில்லை. 1891க்குப் பிறகு 1903 வரை இலங்கையில் சிலாபமே நடக்கவில்லை. ஏன் என்று பார்க்க ஹெர்ட்மன் என்கிற விலங்கியல் பேராசிரியரை 1902இல் வரவழைத்தார்கள். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராகி, நம் சங்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். 1905இன் அபாரமான வரும்படியைப் பார்த்த ஒரு லண்டன் கம்பெனி, அடுத்த வருஷமே வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் என்று 20 வருஷத்துக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு 1925 வரை அங்கே ஒரு சிலாபமும் இல்லை. கம்பெனி அதற்கு வெகு முன்பே மூடப்பட்டுவிட்டது. தூத்துக்குடியில் கடைசிச் சிலாபம் 1961இல்.

மரிச்சுக்கட்டி ஓய்ந்த அதே சமயத்தில், 1908இல், இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவர் சகாக்கள் இருவரும் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மேலே வருகிறவர்களுக்கு மூட்டுவலியும் முடக்குவாதமும் ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்பது விஷயம். சோதனை ஆடுகளின் மேல் நடந்தது. அறைக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். ஆடு முன்னங்காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு நின்றால் அதற்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கோலி சோடாவில் குண்டைத் தட்டினால் குபுகுபுவென்று பொங்குமே, அதுதான் ரத்தத்திலும் நடக்கிறது. ஆழத்தில் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் குமிழியாகிறது. உடம்பை ஐந்து வகைத் திசுக்களாகக் கற்பனை செய்து, ஒவ்வொன்றும் பாதி நிரம்ப 5 நிமிஷத்திலிருந்து 75 நிமிஷம் வரை ஆகும் என்று வைத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வரவேண்டும் என்று ஹால்டேன் அட்டவணை போட்டார்.

மூச்சடக்கிக் குளித்த நம் ஆட்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அவர்கள் கொண்டுபோனது ஒரே ஒரு நெஞ்சுக் காற்று. 1943இல் கூஸ்தோவும் கான்யானும் ஸ்கூபா கருவியைச் செய்தபிறகுதான் கண்ணில் பட்டவரெல்லாம் கடலடியில் ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று ஆனது. மன்னார் வளைகுடாவிலும் வந்தது. மண்டபத்திலிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் காற்றுக்குடுவை கட்டி இறங்கி, முத்துப்பார்களையும் சங்குப்பார்களையும் நேரில் பார்த்து எழுதினார்கள். கரையில் இருந்தவரின் கணக்கை இறங்கியவரே எழுத ஆரம்பித்தது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்கூபாவில் முழுக்குக் கணக்கு அலங்காரம் கிடையாது. காலையில் போன முழுக்கின் நைட்ரஜன் மத்தியானமும் உடம்பில் இருக்கும். 1980களிலிருந்து மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் இதைக் கணக்குப்போட்டன. பல கருவிகள் பயன்படுத்துவது சூரிச்சில் ப்யூல்மன் உருவாக்கிய 16 திசு மாதிரியை. ஹால்டேனின் ஐந்துக்குப் பேரன் முறை. கருவி சில வினாடிக்கு ஒருமுறை ஆழத்தைக் குறித்துவைக்கும். சிக்கல் என்னவென்றால், குறித்தது நம் உடம்பு, காசு கொடுத்து வாங்கியது நாம், ஆனால் அதை வெளியே எடுக்கக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். அது விண்டோஸில் மட்டும் ஓடும், அல்லது அடுத்த மாடல் வந்ததும் கைவிடப்படும். மூன்று குவியலில் இரண்டு அவர்களுக்கு!

2011 ஆகஸ்ட் கடைசியில் லினக்ஸ் கெர்னலின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். சரிசெய்யும்வரை கெர்னல் வேலை மந்தம். லினஸ் டோர்வால்ட்ஸுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவர் ஸ்கூபா பைத்தியம், லினக்ஸில் உருப்படியாக ஒரு முழுக்குப் பதிவு மென்பொருள் இல்லை என்கிற எரிச்சல் வேறு. சப்சர்ஃபேஸ் அப்படிப் பிறந்தது. கருவிகளோடு பேசும் வேலையை யெஃப் ட்ரீசன் என்பவர் ஏற்கனவே எழுதிவந்த லிப்டைவ்கம்ப்யூட்டர் என்ற நிரலகம் செய்தது. கம்பெனிகள் மூடிவைத்த நெறிமுறைகளை மாடல் மாடலாகப் பிரித்துப் பார்த்து எழுதுவது என்பது பொறுமைசாலிகள் வேலை. ட்ரீசனைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவரும் ஒரு மண்டக்.

சப்சர்ஃபேஸின் நிரலில் எனக்குப் பிடித்த ஒரு கோப்பு, அலகுகளைப் பற்றியது. ஆழம் மில்லிமீட்டரில், வெப்பம் மில்லிகெல்வினில், அழுத்தம் மில்லிபாரில், எல்லாம் முழு எண்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வகை. ஆழம் இருக்கவேண்டிய இடத்தில் தவறி வெப்பத்தைப் போட்டால் கம்பைலரே திட்டும். காட்டும்போது மட்டும் அடியோ மீட்டரோ. 1999இல் அலகு குழம்பி ஒரு செவ்வாய் விண்கலமே போனது ஞாபகமிருந்தால் இந்த ஜாக்கிரதை புரியும். பிறகு முழுக்குகளை கிட் களஞ்சியமாகவே சேமிக்கும் வசதியும் வந்தது. கிட்டும் டோர்வால்ட்ஸ் எழுதியதுதான். உங்கள் கடல் வாழ்க்கை முழுவதும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகளாக, உங்கள் மெஷினிலேயே, பழைய திருத்தங்களோடு இருக்கும்.

ஆரம்பித்தவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். 2012இல் டோர்வால்ட்ஸ் கெர்னலுக்கே முழுதாகத் திரும்ப, பராமரிப்பு டர்க் ஹோண்டல் கைக்கு வந்தது. அதற்குப்பிறகு நடந்தவைதான் பெரிய வேலை. 2013இல் முகப்பு முழுவதையும் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பிலிருந்து க்யூட்டிக்கு மாற்றினார்கள். ஓடுகிற பஸ்ஸுக்கு எஞ்சின் மாற்றுகிற காரியம். பிறகு மொபைல் வடிவம் வந்தது, ஆண்ட்ராய்டு ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்றை உடைக்க ஆரம்பித்தது. புதுக் கருவி வரும், ப்ளூடூத் அதில் மட்டும் தகராறு பண்ணும், அந்தக் கருவி டெவலப்பர் யாரிடமும் இருக்காது. ஒரு வசதியைச் சேர்க்கிறவருக்கு அது ஒரு வாரக்கடைசி. பராமரிக்கிறவருக்கு அது பத்து வருஷம். இலக்கியத்திலும் இப்படித்தான், பதிப்பாசிரியரை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

போன வருஷம் தூத்துக்குடியில் ஒரு சங்கு குளியாளியைச் சந்தித்தேன். அறுபதை நெருங்குகிறவர், இப்போது இறங்குவதில்லை. அங்கே பலர் படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். வட இலங்கையில் சங்குக்கும் கடலட்டைக்கும் குடுவை கட்டி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஹால்டேனின் ஆடுகளுக்கு வந்தது இவர்களுக்கும் வருகிறது. அண்ணாச்சிக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். போனில் சப்சர்ஃபேஸைக் காட்டி, கருவி இல்லாவிட்டாலும் ஆழத்தையும் நேரத்தையும் கையாலேயே போட்டுவைக்கலாம் என்றேன்.

“எழுதி வச்சா யாருக்குப் போவும் தம்பி?”

“யாருக்கும் போவாது அண்ணாச்சி. உங்க போன்லயேதான் இருக்கும்.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதில் பாகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மீட்டரும் அடியும்தான் இருந்தன. என்னிடமிருக்கும் நகலில் பாகத்தை ஓர் அலகாகச் சேர்க்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. அதை மூலத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் யாரோ ஒருவர் அதற்கும் சேர்த்துக் கயிறு பிடிக்கவேண்டும், அந்த ஆள் நானாக இருக்கத் தயாரா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒரு பாகத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதும் பாக்கி இருக்கிறது. ஆங்கிலேயர் கணக்குப்படி ஆறு அடி, 1829 என்று போட்டிருக்கிறேன். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டியதை டேப் வைத்து அளந்தால் 1720 வருகிறது.