காணி இல்லாதவர்களுக்கு இணையம்: கண்டி மலைகளில் சமூக பைபர் சாத்தியமா?

ஒரு கிராமத்து மக்களே பணம் திரட்டி, நிலத்தை வெட்டி, பைபர் கேபிள் பதித்து, அந்த வலையமைப்பைத் தாங்களே சொந்தமாக வைத்திருப்பதைச் சமூக பைபர் என்கிறோம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011 இல் தொடங்கிய ‘பார்ன்’ இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். பெரிய நிறுவனங்கள் இலாபமில்லை என ஒதுக்கிய கிராமங்கள் அவை. மக்கள் பங்குகளை வாங்கினார்கள். விவசாயிகள் தமது நிலங்களுக்குள்ளால் கேபிள் செல்லக் கட்டணமின்றி அனுமதித்தார்கள். வெட்டும் வேலையிலும் ஊரவர்களே இறங்கினார்கள். கேபிளின் விலையைவிட அதைப் புதைப்பதற்கே அதிகம் செலவாகும். அந்தச் செலவு குறைந்ததால் விநாடிக்கு 1 கிகாபிட் வேக இணைப்பு வீடுகளுக்கு வந்தது.

கண்டியை அண்டிய பகுதிக்கும் சமூக இணையம் புதிதல்ல. 1989 இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோ ஆதரவுடன் 1990களின் இறுதியில் இணையத்தைப் பெற்றது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் கிடைத்ததைச் சிங்களத்தில் விளக்குவார்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுமக்களுக்கான இணைய நிலையங்கள் இயங்கின. வீட்டுக்கு வீடு இணைப்பு இல்லாவிட்டாலும் இணையத்தை ஊராகப் பகிரலாம் என்பதை அது காட்டியது.

அப்படியானால் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் பைபர் பதிக்கலாமா? இரண்டு தடைகளை நான் காண்கிறேன்.

முதலாவது சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வலையமைப்பை இயக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். எனவே ஊர்ச் சங்கம் ஒன்று, அனுமதிபெற்ற நிறுவனத்துடன் சேர்ந்தே இதைச் செய்யலாம்.

இரண்டாவது, பெரிய தடை, காணி. லங்காஷயர் விவசாயி சம்மதிக்க முடிந்தது, நிலம் அவருடையது என்பதால். பெருந்தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இலிருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. தலைமுறைகளாக லயத்தில் வாழ்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த அறைக்கும் வாசலுக்கும் உறுதி இல்லை. வாசலில் மண்வெட்டி வைக்கவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை.

போரால் பாதிக்கப்பட்ட எம்மவர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று, அங்கும் உறுதியில்லாக் காணிகளில் குடியேறிய குடும்பங்கள் பல. பிரிந்த உறவுகள் முகம் பார்த்துப் பேசுவதும், பிள்ளைகள் படிப்பதும் இன்று இணையத்தில்தான்.

உடனடியாகச் செய்யக்கூடியதும் உண்டு. வீதியோரமாக வரும் பைபரைத் தோட்டப் பாடசாலை அல்லது சனசமூக நிலையம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து வைஃபை மூலம் லயங்களுக்குப் பகிரலாம். அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சிய கிராமத்தில் 2000களிலேயே வீடுகள் கம்பியில்லா வலையமைப்பால் இணைக்கப்பட்டன.

ஆனால் அது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கேட்கும் சங்கங்கள், நீர்க்குழாய்க்கும் மின்கம்பத்துக்கும் கேபிளுக்குமான வழியுரிமையையும் அதே உறுதியில் எழுதித் தருமாறு கேட்கவேண்டும்.